கேட்சர் சொன்ன எண்

எங்கள் டீமில் ஒருத்தி எதிராளிக்குத் துப்புக் கொடுக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது ஒரு சனிக்கிழமை மதியம். அது யார் என்று முடிவுகட்ட எனக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. நான் அப்படித்தான். வீட்டில் பால் பொங்கி வழிந்தால்கூட அடுப்பைக் கூட்டி வைத்தது யார் என்றுதான் முதலில் கேட்பேன். அணைப்பதெல்லாம் அப்புறம்.

என் பெயர் வேணி. ஊர் குரும்பலூர், படிப்பது பெரம்பலூரில் பிளஸ் டூ. பெரம்பலூர் மாவட்டப் பெண்கள் சாஃப்ட்பால் டீமில் நான்தான் பிட்சர். கையைக் கீழே இருந்து ஒரு சுழற்று சுழற்றிப் பந்து போடுவேன். வேகம் போதுமான அளவு இருக்கிறது. வாயும் போதுமான அளவு இருக்கிறது என்று எங்கள் அம்மா சொல்லும்.

பந்து போட்டதோடு பிட்சரின் வேலை முடிந்தது என்று பார்க்கிறவர்கள் நினைக்கிறார்கள். அப்புறம்தான் தொல்லையே. மட்டை பிடித்திருப்பவளுக்கு மைதானத்தில் எல்லாரையும்விடப் பக்கத்தில், நாற்பத்து மூன்று அடியில் நிற்பது நான். அவள் ஓங்கி அடித்தால் பந்து நேராக என் மூஞ்சிக்குத்தான் வரும். "போட்டுட்டு வேடிக்க பாக்காத, பல்லு போயிரும்" என்று குருநாதன் சார் கத்துவார். அவர்தான் எங்கள் பி.டி. சார். பந்து கையை விட்ட அடுத்த கணம் கால்கள் அகன்று, கிளவுஸ் நெஞ்சுக்கு முன்னால் வந்திருக்க வேண்டும் அவருக்கு.

அதைவிடக் கஷ்டம் பன்ட். மட்டையை வீசாமல் சும்மா நீட்டி, பந்தைக் காலடியில் உயிரில்லாமல் போட்டுவிட்டு ஓடுவாள் பாருங்கள், அது. நான் ஓடிப்போய்க் குனிந்து எடுக்க வேண்டும். அப்போது என் முகம், மட்டைக்காரிக்குப் பின்னால் உட்கார்ந்து பந்து பிடிக்கிற கேட்சரைப் பார்த்து இருக்கும். பேஸுக்குப் பேஸ் ஓடுகிறவர்கள் எல்லாம் என் முதுகுக்குப் பின்னால். யார் எங்கே ஓடுகிறாள் என்று எனக்குத் தெரியாது. எதிரே நிற்கிற கேட்சருக்குத்தான் முழு மைதானமும் தெரியும். அவள் எண் சொல்லிக் கத்துவாள். ஒண்ணு என்றால் முதல் பேஸ். ரெண்டு, மூணு அப்படியே. நாலாவது பேஸுக்கு வந்து சேர்ந்தால் ஒரு ரன்; அதை எங்கள் டீமில் யாரும் நாலு என்று சொல்வதில்லை, "வூடு, வூடு" என்றுதான் கத்துவோம்.

எண் காதில் விழுந்தால் அந்தப் பக்கம் ஒரே திருப்பாகத் திரும்பி எறிந்துவிட வேண்டும். ஓடி வருகிறவள் பேஸைத் தொடுவதற்குள் பந்து அங்கே போய்விட்டால் அவள் அவுட். ஓடுகிறவள் எங்கே வருகிறாள், கேட்சர் சொன்னது சரிதானா என்றெல்லாம் நோட்டம் பார்க்கக் கூடாது. பார்த்தால் அரை நொடி போய்விடும். அரை நொடியில் ஒரு பெண் மூன்று எட்டு வைத்துவிடுவாள்.

இதற்காகவே சார் தினமும் சாயங்காலம் சிமெண்டுச் சாக்கில் மண் நிரப்பிப் பேஸ் போட்டு, பந்தைக் கையாலேயே உருட்டி விடுவார். வலது பக்கம் முப்பது, இடது பக்கம் முப்பது. நோட்டம் பார்த்தால் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி ஓட வேண்டும். நான் ஓடியது ரொம்பக் குறைவு. சார் முன்னால் நான் ஒழுங்கு.

மேட்ச்சில் மட்டும் ஒரு பார்வை பார்ப்பேன். அதற்குக் காரணம் இருந்தது. எங்கள் கேட்சர் அஸ்ரின் போன வருஷம் ஒரு தடவை "ரெண்டு" என்று கத்தினாள். நானும் நம்பி எறிந்தேன். அங்கே ஆளே இல்லை. பந்து மைதானத்தைத் தாண்டிக் கழிப்பறைச் சுவர் வரை போனது. "மன்னிச்சுக்கடி, அவ ஓடி வந்துருவான்னு நெனச்சேன்" என்றாள். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் மனசில் முள் தங்கிவிட்டது. அதிலிருந்து பந்தை எடுத்ததும் கண்ணை மட்டும் ஓட்டிச் சரிபார்த்துக்கொள்வேன். கண் மட்டும்தான். தலை அசையாது.

அஸ்ரினுக்கு ஊர் லப்பைக்குடிக்காடு. தினமும் பஸ்ஸில் வருவாள். அவளுடைய அத்தா குவைத்தில் இருக்கிறார். கேட்சர் காலில் கட்டுகிற லெக்கார்டும் முகமூடியும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் ஆள் தெரியாது, குரல் மட்டும்தான் வரும். குரல் என்றால் அப்படி ஒரு குரல். இங்கே கத்தினால் பாலக்கரையில் கேட்கும் என்று கிண்டல் செய்வோம். ஒன்பதாவதில் இருந்து நாங்கள் ஒரே டிபன் பாக்ஸ்.

அந்தச் சனிக்கிழமை அரியலூர் டீம் எங்கள் மைதானத்துக்கு வந்திருந்தது. மண்டலப் போட்டிக்கு ஒரு மாதம் முன்னால், சும்மா ஒரு பழக்க ஆட்டம். மூன்று தடவை என் வலது பக்கம் பன்ட் போட்டார்கள். மூன்று தடவையும் நான் பந்தை எடுத்தேன், அஸ்ரின் எண் சொன்னாள், நான் கண்ணை ஓட்டினேன், எறிந்தேன். மூன்று தடவையும் ஓடியவள் தப்பித்துவிட்டாள். என் கண் அந்தப் பக்கம் போகிற நேரம் பார்த்து வேகம் எடுத்த மாதிரி இருந்தது. தோற்றோம்.

"நோட்டம் பாக்குறடி நீ" என்றாள் அஸ்ரின், முகமூடியைக் கழற்றிக்கொண்டே.

"கண்ணுதான்டி போச்சு. அதுல என்ன?"

"கண்ணு இல்லடி…"

"ஆமா, நீ மட்டும்தான் ஒழுங்கு" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

தொட்டிக்குப் பக்கத்தில் நின்று யோசித்தபோதுதான் பொறி தட்டியது. என் கண் எங்கே போகிறது என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? முதுகுக்குப் பின்னால் ஓடுகிறவளுக்கு என் கண் தெரியாது. பெஞ்சில் இருப்பவர்களுக்கும் தெரியாது. என் முகத்துக்கு நேர் எதிரே உட்கார்ந்திருக்கிறவளுக்கு மட்டும்தான் தெரியும்.

நிமிர்ந்து பார்த்தேன். வேப்ப மரத்தடியில் அஸ்ரின் நின்று அரியலூர்க்காரி ஒருத்தியிடம் பேசிக்கொண்டிருந்தாள். கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். நடுவில் ஒரு தடவை என் பக்கம் விரல் நீண்டது. நான் பார்ப்பதைக் கவனித்ததும் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். அந்த அரியலூர்க்காரி மர்ஜியா. அஸ்ரினுக்குப் பெரியம்மா மகள், லாத்தா என்று கூப்பிடுகிற அக்கா.

அடிப்பாவி, என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

ஏன் என்ற கேள்விக்கும் என்னிடம் பதில் தயாராக இருந்தது. மண்டலப் போட்டியின் கடைசி ஆட்டத்துக்கு மாநில டீமுக்கு ஆள் எடுக்கிறவர்கள் வருகிறார்கள். "நம்ம டீம்லேருந்து எடுத்தா ஒருத்தரத்தான் எடுப்பாங்க. வேணி, இல்லாட்டி அஸ்ரின்" என்று சாரே சொல்லியிருந்தார். மாநில டீமில் ஆடிய சான்றிதழ் இருந்தால் விளையாட்டுக் கோட்டாவில் காலேஜ் சீட் கிடைக்கும். என் மார்க்கை நம்பினால் சின்ன வெங்காயத்துக்குத் தாள் அறுக்கத்தான் போக வேண்டும். எனக்கு அந்த இடம் வேண்டும். நான் அசிங்கப்பட்டால் அது அவளுக்குப் போகும். இதற்கு மேல் என்ன விளங்க வேண்டும்?

அன்றிலிருந்து அவளை வேவு பார்த்தேன். பஸ் ஏறும்வரை யாரிடம் போனில் பேசுகிறாள் என்று பார்த்தேன். என்னைக் கண்டதும் போனைப் பையில் போட்டால் ஒரு சந்தேகம், போடாவிட்டால் நடிக்கிறாளோ என்று இன்னொரு சந்தேகம். டிபன் பாக்ஸை வேறு பெஞ்சுக்குக் கொண்டுபோனேன். "என்னாடி ஆச்சு ஒனக்கு?" என்று கேட்டாள். "ஒண்ணும் ஆவல" என்றேன்.

பத்து நாள் கழித்துச் சார் ஒரு மீட்டிங்குக்குப் போயிருந்தார். நாங்களே இரண்டு கட்சியாகப் பிரிந்து ஆடினோம். பாதியில் பார்க்கிறேன், அஸ்ரினுடைய போன் தண்ணீர் கேனில் சாய்ந்து நிற்கிறது. என்னைப் பார்த்து நிற்கிறது. வீடியோ ஓடிக்கொண்டிருந்தது.

"எதுக்குடி படம் புடிக்கிற?"

"சும்மாதான். அப்பறம் சொல்றேன்" என்று எடுத்துக்கொண்டாள்.

சும்மாவாம். யாருக்கு அனுப்பப் போகிறாள் என்று எனக்குத் தெரியாதா? அன்றைக்குச் சாயங்காலம் என் போனுக்கே அவளிடமிருந்து மெசேஜ் வந்தது. ஒன்றல்ல, மூன்று. கடைசி மெசேஜ் மட்டும் மேலே தெரிந்தது: "பாத்தியா?" எதைப் பார்க்க? உன் மூஞ்சியையா? நான் திறக்கவில்லை. நீல டிக் விழாமல் காத்துக் கிடக்கட்டும் என்று அவள் பெயரையே பட்டியலில் இருந்து ஓரங்கட்டிவிட்டேன்.

மண்டலப் போட்டியின் கடைசி ஆட்டம் அரியலூரில். எதிரே அதே அரியலூர் டீம். காலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் மர்ஜியா தூரத்தில் இருந்து கையைத் தூக்கினாள். அஸ்ரின் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. என் முன்னால் பேசக் கூடாது என்று பேசிவைத்திருக்கிறார்களாக்கும்.

இதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. நேராகச் சாரிடம் போனேன்.

"சார், அஸ்ரின் கேட்ச் பண்ணா நான் பந்து போட மாட்டேன்."

"என்னம்மா வெளயாடுறியா? பெரிய ஆட்டம் இன்னிக்கி."

"அவ நம்ம வெவரத்த எல்லாம் அங்க சொல்றா சார். மர்ஜியாகிட்ட. நான் கண்ணால பாத்தேன். வீடியோ எடுத்துல்லாம் அனுப்புறா."

"அனுப்புனத நீ பாத்தியா?"

"பாக்கணுமா சார்? எடுத்தத பாத்தேன். அது போதாதா?"

சாருக்கு வேறு பிட்சர் கிடையாது. கேட்சருக்கு மாற்று இருந்தது. பத்தாவது படிக்கிற ஜானகி. அவர் அஸ்ரினைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அவள் என் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். "சரிங்க சார்" என்றாள். அவ்வளவுதான். லெக்கார்டின் பட்டையைக் கழற்றி, ஜானகியின் காலில் அவளே குனிந்து மாட்டிவிட்டாள். ஜானகிக்கு அது முழங்காலுக்கு மேல் வந்தது. பட்டையை இன்னொரு சுற்று சுற்றி இறுக்கினாள்.

குற்றம் செய்யாதவள் இப்படி வாயை மூடிக்கொண்டு போவாளா? நானாக இருந்தால் மைதானத்தையே இரண்டாக்கியிருப்பேன். அதனால் எனக்கு இன்னும் உறுதியானது.

ஆட்டம் ஆரம்பித்தது. என் பந்துக்கு அன்றைக்கு நல்ல வேகம். மூன்றாவது சுற்றில் ஒருத்தி நேராக என் வயிற்றுக்கு அடித்ததைக் கிளவுஸில் பிடித்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த இரண்டு தேர்வாளர்களில் ஒருத்தர் குனிந்து ஏதோ எழுதினார். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

நாலாவது சுற்றில் பன்ட் வந்தது. அதே வலது பக்கம். நான் கண்ணை ஓட்டினேன், எறிந்தேன், தப்பித்துவிட்டாள். அஸ்ரின் பெஞ்சில்தானே இருக்கிறாள், அப்புறம் எப்படி என்று கேட்கத் தோன்றவில்லை எனக்கு. சொல்ல வேண்டியதை எல்லாம் முன்னாலேயே சொல்லி முடித்துவிட்டாள் என்றுதான் தோன்றியது. ஆறாவதில் இன்னொன்று. அதுவும் போனது. அவர்களுக்கு இரண்டு ரன். எங்களுக்கு மூன்று.

கடைசிச் சுற்று. அவர்கள் மட்டை. ஒருத்தியும் அவுட் ஆகவில்லை, முதல் பேஸில் ஒருத்தி, இரண்டாவதில் ஒருத்தி. மட்டையோடு வந்தவள் மர்ஜியா. அவளும் பன்ட்தான் போடப் போகிறாள் என்று பச்சைக் குழந்தைக்குத் தெரியும். பந்தை எடுத்து மூன்றாவது பேஸுக்கு எறிந்துவிட்டால் முன்னால் ஓடுகிறவள் காலி. அந்த ஒரு அவுட் கிடைத்தால் ஆட்டம் எங்கள் கையில். மாநில டீமும் என் கையில்.

போட்டேன். மட்டையை நீட்டினாள். பந்து வலது பக்கம் நாலு உருட்டு உருண்டு நின்றது. பாய்ந்தேன். கிளவுஸைத் தரையில் வைத்து, பந்தை அள்ளி, வலது கையில் எடுத்தாயிற்று. இவ்வளவு சுத்தமாக நான் ஒருநாளும் எடுத்ததில்லை. ஜானகியைப் பார்த்தேன். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. பயந்துபோய்விட்டது அந்தப் பெண்.

அப்போது பெஞ்சில் இருந்து கேட்டது.

"மூணு! வேணி, மூணு!"

அஸ்ரின். முகமூடி இல்லாமல், எழுந்து நின்று, தொண்டை கிழியக் கத்தினாள்.

எனக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? இவள் ஏன் சொல்கிறாள்? பெஞ்சில் உட்கார வைத்தவளுக்கு இவள் ஏன் உதவி செய்யப் போகிறாள்? ரெண்டு என்று கத்தி ஆளில்லாத இடத்துக்கு எறிய வைத்தவள்தானே? நான் மூன்றாவது பேஸை நோட்டம் பார்த்தேன். எங்கள் பெண் பேஸில் ஒரு கால் வைத்து, கிளவுஸை நீட்டிக்கொண்டு தயாராக நின்றாள். ஓடி வருகிறவளுக்கு இன்னும் நாலைந்து எட்டு இருந்தது. அஸ்ரின் சொன்னது சரி.

சரி என்று நான் பார்த்து முடிப்பதற்குள் நாலைந்து எட்டு, ஒரு எட்டாகிவிட்டது. பதறி எறிந்தேன். பந்து கிளவுஸுக்கு மேலே போய், வேலி ஓரம் ஓடியது. அதை எடுத்து வருவதற்குள் முன்னால் ஓடியவளும் பின்னால் ஓடியவளும் வூட்டுக்கு வந்துவிட்டார்கள். நாலுக்கு மூன்று. கடைசியில் மட்டை பிடிக்கிறவர்கள் முந்திவிட்டால் அதோடு ஆட்டம் முடிந்தது.

வரிசையில் நின்று கை கொடுக்கும்போது மர்ஜியாவின் கையை விடாமல் பிடித்துக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் முட்டியது, அதைவிடக் கோபம் முட்டியது.

"என்னயப் பத்தி அஸ்ரின்தானே ஒங்ககிட்ட சொன்னா? உண்மைய சொல்லு."

அவளுக்கு முதலில் புரியவில்லை. "என்னாத்த சொல்றது?"

"நான் கண்ண ஓட்டிப் பாப்பேன்னு."

"கண்ணா?" என்றாள். "யாத்தா, நீ ஆளே திரும்பிப் பாக்குறியே! மொத ஆட்டத்துலயே எங்க மிஸ் பெஞ்சுலேருந்து பாத்துட்டாங்க. அந்தப் புள்ள பந்த எடுத்தா ஒரு தடவ திரும்பும், அந்த நேரத்துல ஓடிருங்கன்னாங்க. இத வந்து ஒருத்தி சொல்லணுமா?"

"அப்ப மரத்தடியில என்ன பேசுனீங்க?"

"அவ ஏன்டி அப்படித் திரும்புறான்னு கேட்டேன். அதுக்கு என்னப் புடிச்சு அந்த வாங்கு வாங்குனா. எங்க பிட்சரப் பத்தி எங்கிட்டயே கேக்குறியா, வூட்டுலதான் நீ எனக்கு லாத்தா, இங்க இல்லன்னா. அன்னியிலேருந்து போன் போட்டாலும் எடுக்குறது இல்ல. காலையில கூட மூஞ்சத் திருப்பிக்கிட்டுப் போனாளே, நீ பாக்கல?"

பார்த்தேன். எல்லாவற்றையும் நான்தான் பார்த்தேன்.

தேர்வாளர்கள் பெயர் வாசித்தார்கள். அரியலூரில் இரண்டு பேர், அதில் மர்ஜியா ஒருத்தி. பெரம்பலூரில் யாரும் இல்லை. பிட்சரைப் பற்றிச் சார் போய்க் கேட்டதற்கு, பந்து நன்றாகப் போடுகிறாள், ஆனால் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கிறாள் என்றார்களாம். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளைப் பற்றி அவர்கள் கேட்கவும் இல்லை. அவள் ஆடுகிறவள் என்றே அவர்களுக்குத் தெரியாது.

பெரம்பலூர் பஸ்ஸில் ஏறினோம். அஸ்ரின் முன் சீட்டில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, ஜானகியிடமிருந்து வாங்கிய லெக்கார்டை மடியில் வைத்து மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள். நான் கடைசி சீட்டுக்குப் போனேன். எதிரே சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாக வந்தன.

போனை எடுத்தேன். ஓரங்கட்டி வைத்த பெயரைத் தேடிக் கண்டுபிடித்துத் திறந்தேன். மூன்று மெசேஜ். முதலாவது வீடியோ. அதற்குக் கீழே எழுதியிருந்தாள்:

"கண்ணு மட்டும்னு நெனச்சுக்கிட்டு இருக்க நீ. சடையே சுத்தி வருதுடி. நான் சொல்றத நம்பி எறி. தப்பாப் போனா சார்கிட்ட எம் பேர சொல்லிரு."

அதற்கும் கீழே, "பாத்தியா?"

வீடியோவை அழுத்தினேன். தண்ணீர் கேனில் சாய்த்து எடுத்த படம், கொஞ்சம் கோணலாக இருந்தது. நான் ஓடுகிறேன், குனிகிறேன், பந்தை எடுக்கிறேன். எடுத்ததும் என் கழுத்து, தோள் எல்லாம் வலது பக்கம் திரும்புகிறது. சடை தூக்கிப்போட்டு ஒரு சுற்று சுற்றி முன்னால் வந்து விழுகிறது. மைதானத்தின் எந்த மூலையில் நின்றாலும் தெரியும். சத்தத்தைக் குறைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதற்குள் போனில் இருந்து அவள் குரல் பஸ் முழுக்கக் கேட்டது.

"மூணு! வேணி, மூணு!"

ஜானகி திரும்பினாள். டீமில் எல்லாரும் திரும்பினார்கள். கம்பியைப் பிடித்து நின்றிருந்த சார் திரும்பினார், கண்டக்டர்கூடத் திரும்பினார். முன் சீட்டில் லெக்கார்டில் தட்டிக்கொண்டிருந்த கை மட்டும் ஒரு கணம் நின்றது. அஸ்ரின் திரும்பிப் பார்க்கவில்லை.